கையில் எழுதிக் கொண்டுவந்த சீனம்

நேற்று காலை எங்கள் கம்பெனியில் ஒரு புது மெஷின் வந்து இறங்கியது. மரப்பெட்டியின் பலகைகளைக் கடப்பாரை போட்டு நெம்பியபோது உள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. ஈர மரமும், துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயும், பல நாள் கப்பலில் அடைந்து கிடந்த பிளாஸ்டிக் தாளும் கலந்த வாசனை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, வலது கைச் சட்டையை முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டு பேனாவைத் தேடினேன். பதினாறு வருடம் ஆகியும் கைக்கு மறக்கவில்லை.

அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைத்தது. போன ஆடியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தளி தாண்டி ஜவளகிரி போகிற பாதையில் உன் ஊர் வரைக்கும் வந்தேன், ஆனால் சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று தெருமுனையில் நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் ஒரு கேட், பார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே நம் பிழைப்பு போயிற்று. அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படி, அவசரம் ஒன்றுமில்லை.

அந்த முதல் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்த ஐந்தாவது மாதம் நான்கு மெஷின்கள் வந்தன, நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் மணிகளை உருக்கி அச்சில் தள்ளி, வண்டிக்கான பாகமாக வெளியே கொடுக்கிற மெஷின். கதவைத் திற, பாகத்தை எடு, கதவை மூடு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நாம் எண்ணியதில்லை. மெஷினோடு சீனாவிலிருந்து ஒரு பையன் வந்தான். மூன்று நாள் கையாலும் கண்ணாலும் பேசி ஓட்டிக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். திரையில் இருந்தது முழுக்கச் சீனம். இங்கிலீஷ் பின்னால் வரும் என்று ஆபீசில் சொன்னார்கள். நான் அங்கிருந்து விலகுகிற வரைக்கும் அது வரவில்லை.

மெயின்டனன்ஸ் முருகேசன் அண்ணன்தான் நமக்குப் பாடம் எடுத்தார். "மேல இருந்து மூணாவத அமுக்கினா சூடு. அதுக்குக் கீழ ரெண்டாவது பிரஷர். செவப்பா பட்டை வந்தா வலது மூலையில ரெண்டு தட்டு. முடிஞ்சுது. அவ்ளோதான் சைனா." எழுத்தெல்லாம் தேய்ந்துபோன டிவி ரிமோட்டை வீட்டில் எப்படி அமுக்குவோமோ அப்படித்தான் அந்தப் பெரிய மெஷினை நாம் ஓட்டினோம். இடம் தெரியும், அர்த்தம் தெரியாது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நீதான் கேட்டாய்.

"அண்ணா, அந்தச் செவப்புல என்ன எழுதிக்கீது?"

"அதப் படிச்சு நீ கலெக்டராவப் போறியா? ரெண்டு தட்டு தட்டிட்டுப் போம்மா."

உனக்கு ஒரு கெட்ட குணம். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால், அது என்னவென்று தெரியாமல் உனக்குச் சோறு இறங்காது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், ஓசூருக்கு வந்து கற்றது தமிழ், சோப்பு உறையிலும் சுவிட்ச் போர்டிலும் பொறுக்கியது இங்கிலீஷ். நான் ஊத்தங்கரையிலிருந்து தமிழை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவள். ஓசூரில் தக்காளி வாங்கக்கூட உன்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவேன். நீ என் பேரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, உங்கள் வீட்டுத் தெலுங்கில் "ஏமே" என்பாய். சீனம் படிக்கலாம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"நாலு பாஷை படுக்கிற ஊட்ல அஞ்சாவதுக்குப் பாய் போட எடம் இல்லாமயா பூடும், ஏமே?"

உன் சைனா செட் போனை வைத்து அன்று லைனில் சிரிக்காதவர்கள் கிடையாது. இரண்டு சிம், பின்னால் வரிசையாக ஸ்பீக்கர், ஓரத்தில் செருகி வைக்க ஒரு குச்சி. பாட்டுப் போட்டால் அடுத்த தெரு நாய் எழுந்துகொள்ளும். ஒரு நாள் அது பஸ் படியில் விழுந்து, மெனு முழுக்கச் சீன எழுத்தாக மாறிவிட்டது. அந்த மாதிரி செட்டுகளுக்கு அது வழக்கமான வியாதி. எல்லோரும் கடைக்கு ஓடி இங்கிலீஷுக்கு மாற்றிக்கொள்வார்கள். நாம் இருவரும் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மாற்றப் போகிற நேரத்தில் நீ அவர் கையைப் பிடித்துவிட்டாய். குச்சியால் திரையில் ஏதோ கிறுக்கினாய். செட் அதைப் படித்து, அதே மாதிரி பத்து எழுத்தை வரிசையாகக் காட்டியது. சீனாக்காரர்கள் எழுதுவதற்காகச் செய்த செட், அதற்கு அந்த எழுத்து தெரியும். உன் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றச் சொல்வார்கள், நீ சீன அகராதி ஏற்றச் சொன்னாய். அவர் இரண்டு நாள் தேடி, நெட்டிலிருந்து இறக்கி ஏற்றிக் கொடுத்தார். சீன எழுத்தைப் போட்டால் இங்கிலீஷில் அர்த்தம் சொல்லும்.

அகராதி கிடைத்தது. ஆனால் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெட்டியில் போட்டுவிட வேண்டும், ஷிப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். எழுத்து உள்ளே, அகராதி வெளியே. பேப்பர் கொண்டுபோகலாம் என்றால், நோட்டு எழுதுகிற வேலை ஆபரேட்டருக்கு எதற்கு என்பார்கள். அதனால்தான் கை. சட்டையை மடித்து, முழங்கைக்குக் கீழே பேனாவால் ஒவ்வொரு கோடாக வரைந்து, மறுபடி சட்டையை இறக்கிவிட்டுக்கொள்வாய். சில நாள் நானும் அப்படி என் கையில் எழுதிக்கொள்வேன். ஒரு நாளைக்கு மூன்று எழுத்து, நான்கு எழுத்து. அதற்கு மேல் எழுதினால் வியர்வையில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கேட்டில் சோதனை போடுகிற அக்கா ஒரு நாள் உன் கையைப் பிடித்து, "இன்னாடி இது கையில கோலம்?" என்றாள். "மருதாணிக்கு டிசைன்க்கா" என்று நீ கண்ணை இமைக்காமல் சொன்னாய். அவள் தன் தங்கை கல்யாணத்துக்கு அதே டிசைன் வேண்டும் என்றாள். அந்தப் பெண் கையில் 'எண்ணெய் அழுத்தம்' என்று எழுதிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். கம்பெனி பஸ் கிளம்ப இருபது நிமிடம். கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து நீ கையைப் பார்த்துத் திரையில் வரைவாய். செட் காட்டுகிற பத்தில் சரியானதைக் கண்ணைச் சுருக்கித் தேடுவோம். இங்கிலீஷில் அர்த்தம் வரும். அதற்கு அப்புறம் என் வேலை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய, அட்டை போன இங்கிலீஷ்-தமிழ் அகராதி என் பையில் இருக்கும். சீனத்திலிருந்து இங்கிலீஷுக்கு நீ கொண்டுவருவாய், இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு நான் கொண்டுவருவேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்தோம். ஒரு நாள் வியர்வையில் ஒரு கோடு கூடிப்போய், செட் 'ஆடு' என்று சொல்லிவிட்டது. "மெஷின்ல ஆடு எங்கருந்துடி வந்துச்சு?" என்று நான் கேட்டேன். மறுநாள் மறுபடி பார்த்தால் அது 'பாதி'. பாதி தானாக ஓடுகிற முறை. அதற்கப்புறம் லைனில் நம் இருவருக்குள் அந்த முறைக்குப் பெயரே ஆடுதான். "ஏமே, ஆட்டுல போடு" என்று நீ கத்துவாய், சூப்பர்வைசர் முழிப்பார்.

கேலி நின்றுவிடவில்லை. கேன்டீனில் நம்மைச் சீனாக்காரிகள் என்றார்கள். நூடுல்ஸ் போடும்மா என்றார்கள். தமிழையே எழுத்துக்கூட்டுகிறவள் சீனம் படிக்கிறாளாம் என்று உன்னைச் சொல்வார்கள், எனக்குச் சுருக்கென்று இருக்கும். நீ "பிடு" என்பாய். விட்டுத்தள்ளு என்பதற்கு உன் கன்னடம். உன் கன்னடத்தில் எனக்கு முதலில் புரிந்த சொல் அது.

பாதுகாப்பு என்கிற சொல்லைக் கண்டுபிடித்த நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அகராதி அதன் முதல் எழுத்தைப் பிரித்துக் காட்டியது. மேலே கூரை, கூரைக்குக் கீழே பெண். நீ செட்டை மடியில் வைத்தாய்.

"பொம்பள ஊட்டுக்குள்ளயே இருந்தா பாதுகாப்பாம். இவுங்களும் நம்மாளுங்கதான் போ. வெளிய வந்து மெஷின் ஓட்டறவளுக்கு இன்னா எழுத்து வெச்சிருக்காங்கோ, அதத் தேடு."

கதவு என்கிற எழுத்து சுலபம். கதவு நிலையைப் பார்த்து வரைந்தது போலவே இருக்கும், 门. ஆக, என் மெஷினில் அடிக்கடி வருகிற சிவப்புப் பட்டையின் ஐந்து எழுத்தில் மூன்று நமக்குத் தெரிந்துவிட்டது. பாதுகாப்புக் கதவு. மீதி இரண்டையும் ஒரு புதன்கிழமை நீ கையில் கொண்டுவந்தாய். இங்கிலீஷில் வந்த சொல்லை நான் என் அகராதியில் பார்த்தேன். 'இயல்புக்கு மாறான' என்று போட்டிருந்தது. கதவு இயல்பாக இல்லை. ஐந்து மாதமாக அந்த மெஷின் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் வலது மூலையில் இரண்டு தட்டுத் தட்டி அதன் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஷிப்ட் தொடங்கியதும் நீ என் மெஷின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாய். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மெஷினுக்குச் சொல்கிற சுவிட்ச் இரண்டு. அதில் ஒன்றைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தாலும் அந்தச் சுவிட்ச் மூடியிருக்கிறது என்றே சொல்லும். இன்னொன்று திறந்திருக்கிறது என்று சொல்லும், அந்தச் சண்டைதான் சிவப்புப் பட்டை. அது தகராறு செய்து உற்பத்தி நிற்கிறது என்று யாரோ செய்த வைத்தியம். நீ முருகேசன் அண்ணனிடம் போய்ச் சொன்னாய். "எல்லாம் எங்களுக்குத் தெரியும். நீ போய் உன் வேலையப் பாரு" என்றார்.

அரை மணி நேரம் கூட ஆகவில்லை. என் அச்சில் பாகம் ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து இடது கையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பட்டை வந்தது. புதன்கிழமை அதற்கு அர்த்தம் கண்டுபிடித்ததே நான்தான். இருந்தும் என் வலது கை, என்னைக் கேட்காமலே, மூலைக்குப் போய் இரண்டு தட்டுத் தட்டியது. பழக்கம் அப்படிப்பட்டது. படித்ததெல்லாம் தலையில் இருக்கிறது, கை இன்னும் படிக்கவில்லை. அச்சு நகர்ந்தது. ஒரு விரற்கடை. நான் பார்த்தேன்.

"செய்யி தீயே!"

உன் பயத்தில் தெலுங்குதான் வந்தது, கையை எடுடி என்று. எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனாலும் கையை வெளியே எடுத்துவிட்டேன். அதற்குள் உன் உள்ளங்கை என் மெஷினின் சிவப்புக் குமிழ் மேல் இருந்தது. மெஷின் நின்றுவிட்டது. நீ குமிழை விடவில்லை. சூப்பர்வைசர் வந்தார், முருகேசன் அண்ணன் வந்தார், கடைசியில் மேனேஜரே வந்தார். கம்பியை அவிழ்க்கிற வரைக்கும் கையை எடுக்க மாட்டேன் என்று நின்றாய்.

"யாரக் கேட்டு நிறுத்தின?"

"மெஷின்தான் சொல்லுச்சு சார். அஞ்சு மாசமா சொல்லினே இருக்குது."

"ஓஹோ. உங்கிட்ட சைனீஸ்ல பேசுச்சா?"

"ஆமா சார்" என்று நீ சட்டையை மடித்து முழங்கையைக் காட்டினாய். வியர்வையில் பாதி அழிந்து, மீதி நீலமாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. நிற்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எழுதப்போவது எனக்குக் கசப்பானது. ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

அவிழ்க்கிறோம் என்று சொல்லித்தான் உன் கையை எடுக்க வைத்தார்கள். ஆபீசில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. எனக்குச் சீனம் தெரியாது. திரையில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அச்சு நகரவில்லை, எந்த ஆபத்தும் ஏற்படவில்லை. கீழே கையெழுத்து. நான் கான்ட்ராக்ட். அப்பா என்னை ஓசூருக்கு அனுப்பியதே ஒரு வருடம் என்று பேசித்தான். வேலை போனால் ஊத்தங்கரை பஸ் ஏறி, பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். இதெல்லாம் காரணம்தான், பொய் இல்லை. ஆனால் அந்தப் பேனாவைப் பிடித்தது எந்தக் கை தெரியுமா? நீ காப்பாற்றிக் கொடுத்ததே, அந்த இடது கைதான். நான் இடது கைக்காரி என்பது உனக்குத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். என்னையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"போன உள்ள கொண்டு வந்தியா?"

"இல்ல சார். எழுத்தத்தான் வெளிய கொண்டு போனேன்."

கம்பெனி விஷயத்தை வெளியே கொண்டுபோனாள் என்று அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். உனக்கு எழுதி வைத்திருந்தது மன்னிப்புக் கடிதம். லைனில் அது சகஜம். பாகம் உடைந்தால், தாமதமாக வந்தால், எதிர்த்துப் பேசினால் ஒரு வெள்ளைத் தாள், ஒரு கையெழுத்து, மறுநாள் வேலை. யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. நீ படித்தாய். அதுவும் எழுத்துக்கூட்டி, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக. பத்து நிமிடம் ஆயிற்று. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'திரையில் வந்தது என்னவென்று தெரியாமல் மெஷினை நிறுத்திவிட்டேன்' என்கிற வரிக்கு வந்ததும் நிறுத்தினாய்.

"சார், அதுல வந்தது பொய்யா?"

"அது எங்க பிரச்சினை. நீ கையெழுத்தப் போடு. நாளைக்கு ஷிப்ட்டுக்கு வந்துரு."

நீ பேனாவை வாங்கினாய். போட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன். போட்டுவிடு, போட்டுவிடு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுகூட இருந்தேன், நான் மட்டும் போட்டவளாக இருக்கக் கூடாதே என்கிற கேடுகெட்ட ஆசையில். நீ 'தெரியாமல்' என்கிற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாய். அதற்கு மேலே, உன் கோணல் தமிழில், 'தெரிஞ்சு' என்று எழுதினாய். கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினாய்.

"தெரியாம நிறுத்தல சார். தெரிஞ்சுதான் நிறுத்தினேன்."

அன்றைக்கே உன் டோக்கனை வாங்கிக்கொண்டார்கள். சைனா செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். நீ புங்கமரத்தைத் தாண்டிப் போனாய், திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு மறுநாள் அந்தக் கம்பி என் மெஷினில் இல்லை. யாரும் அவிழ்த்ததாகச் சொல்லவில்லை, யாரும் கட்டியதாகவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து முருகேசன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணு எழுதி வெச்சிருந்துச்சே, காலண்டர் பேப்பரு. ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடேன்." கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? நான்கு மெஷினிலும் சீன எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'பாதி' என்று ஒட்டியிருந்த இடத்தில் நான் மட்டும் ஆடு என்று படித்தேன். உன் பெயர் எதிலும் இல்லை. ஆடிட்டுக்கு வந்தவர்கள் அதைப் பாராட்டிவிட்டுப் போனார்களாம்.

மூன்று மாதம் நீ என்னோடு பேசவில்லை. நீ அத்திப்பள்ளியில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்போஸ்ட் தாண்டி வந்தேன். பேக்கரி வாசலில் பன்னைப் பிய்த்துக்கொண்டு நின்றாய். அந்தக் கம்பெனியில் எல்லாமே சீன மெஷினாம். சர்டிபிகேட் கேட்டார்களாம். இல்லை என்றாயாம். ஒரு மெஷினைப் போட்டு, படி என்றார்களாம். படித்தாயாம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. மன்னிச்சுக்கோ என்று ஆரம்பித்தேன்.

"மன்னிப்பு லெட்டர் வாங்கற பழக்கம் எனக்கு இல்ல, ஏமே" என்றாய். அப்புறம் என் இடது கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாய். "நீ கையெழுத்துப் போட்டது தப்புதான். தப்பு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா போடறதுக்கு அஞ்சு வெரலும் இருந்துச்சில்ல. அது போதும்."

இதைவிட நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

கிளம்புகிறபோது சைனா செட்டை என் பையில் போட்டாய். ஐ.எம்.இ.ஐ. நம்பர் இல்லாத செட்டுக்கெல்லாம் அரசாங்கம் லைனைத் துண்டித்துவிட்ட சமயம் அது. "லைன்தான் பூடுச்சு. எழுத்து எங்கயும் போவல. நீயும் படி" என்றாய். படித்தேன். கோபத்தில் படித்தேன், வெட்கத்தில் படித்தேன், பிறகு பிடித்துப்போய்ப் படித்தேன். அப்பா சொன்ன ஒரு வருடம் பதினேழு வருடம் ஆயிற்று, ஊத்தங்கரைக்கு விருந்தாளியாகத்தான் போய்வருகிறேன். நீ அங்கே மெஷின் செட்டர் ஆனாய். நான் கம்பெனி மாறி இங்கே லைன் லீடர் ஆனேன். என் லைனில் இதுவரை ஒரு பெண்ணிடமும் மன்னிப்புக் கடிதம் வாங்க விட்டதில்லை. அதற்காக எனக்கு வாய்க்காரி என்று பெயர். இருக்கட்டும்.

கடைசியில் உன் உடம்பிலேயே சிவப்புப் பட்டை வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததை எல்லாம் வழக்கம்போல எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "வலது மூலையில ரெண்டு தட்டு தட்டினா பூடுமா டாக்டர்?" என்று கன்னடத்தில் கேட்டாயாம். உன் மகள் அழுதுகொண்டே சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதேன்.

இனி நேற்றைய கதை. இப்போதெல்லாம் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தால் சீனம் அப்படியே தமிழாக மாறிவிடுகிறது. கையில் எழுத வேண்டாம், குச்சி வேண்டாம். ஆனால் போன் இன்றைக்கும் கேட்டில்தான் இருக்கிறது. புது மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன், இங்கிலீஷ் இருக்கிறது, அலாரம் பக்கம் மட்டும் இன்னும் சீனம். பெட்டியைப் பிரித்த கையோடு ஆபீசிலிருந்து ஒரு தம்பி பயிற்சிப் படிவங்களை எடுத்துக்கொண்டு வந்தான். 'மெஷினைப் பற்றி எனக்கு முழுமையாக விளக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. மெஷினுக்கு இன்னும் கரண்ட் கூடக் கொடுக்கவில்லை.

"அக்கா, சும்மா ஒரு கையெழுத்து. உங்க லைன் பொண்ணுங்க எல்லாரையும் போடச் சொல்லிருங்க."

"அலாரம் பக்கம் முழுக்கப் படிச்சு, எது எதுக்குன்னு தெரிஞ்சதுக்கப்புறம் போடுவாங்க. ரெண்டு நாள் ஆகும்."

"மேனேஜர் இன்னிக்கே கேக்கறாருக்கா."

"வந்து கேக்கச் சொல்லு."

அவன் தயங்கி நின்றான். பாவம், அவனைச் சொல்லி என்ன. என்னுடைய தாளையாவது நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். விளக்கப்பட்டது என்ற வரிக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை, காலியாக விட்டேன். பெயர், ஊர், படிப்பு. அதற்குக் கீழே 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம். எத்தனையோ படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் நிரப்பியிருக்கிறேன். தமிழ், கன்னடம், கொஞ்சம் இங்கிலீஷ். அதோடு நிறுத்திவிடுவேன். சீனத்தை எழுதப் போனால், அந்தக் கண்ணாடித் தடுப்பும், வெள்ளைத் தாளும், 'எனக்குச் சீனம் தெரியாது' என்பதன் கீழே என் கையெழுத்தும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். இத்தனை வருடமும் அந்தத் தாள் எங்கோ ஒரு பைலில் உயிரோடு இருக்கிறது என்றே பயந்திருந்தேன்.

நேற்று எழுதினேன். இடது கையால், நிறுத்தி, தெளிவாக. தமிழ், கன்னடம், தெலுங்கு கொஞ்சம், இங்கிலீஷ். சீனம்.

தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "சைனீஸா? எங்கக்கா படிச்சீங்க?"

பக்கத்தில் 'எங்கே கற்றது' என்று ஒரு கட்டம் இருந்தது. கம்பெனி கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில் என்று எழுதினேன். அதற்கு அடுத்து, உன் முழுப் பெயரையும் உன் ஊர்ப் பெயரையும் எழுதினேன்.

அவன் தாளை வாங்கிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இது ஆபீஸ் ரெக்கார்டுக்கா. தெரியாம எழுதிட்டீங்கன்னா வேற ஃபாரம் தரேன்."

"தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன்.